ஆஸ்பத்திரி வரத்து

எங்கள் குடியிருப்புக்கு ஃபோர்ட் வியூ நகர் என்று பெயர் வைத்த மகராசன் மனைகளை விற்று முடித்ததும் போனவன்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலை காட்டவில்லை. அவன் விற்ற காலத்தில் எந்த மனையில் நின்றாலும் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை தெரிந்தது நிஜம். அப்போது இங்கே வீடே கிடையாது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைதான். இப்போது ஆளாளுக்கு மாடி எடுத்துவிட்டார்கள். கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்க வேண்டும். செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பெயர் கிடைத்துவிட்டது என்று பேப்பரில் வந்த பிறகு மிச்சம் கிடந்த மனைகளிலும் ஜல்லி கொட்டிவிட்டார்கள். யாராவது ஒருவர் வீட்டில் எப்போதும் புதுமனை புகுவிழா நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் மாவுக்கடை வைத்திருப்பவள். வீடு கூடினால் இட்லி மாவு கூடுதலாகப் போகும்.

என் கடைக்கு நேர் எதிரில்தான் அரசாங்கத்தின் சின்ன ஆஸ்பத்திரி. துபாயில் இருக்கும் யாரோ திரும்பி வந்து குடியிருக்கலாம் என்று கட்டி, வராமலே விட்ட வீடு அது. அதை வாடகைக்கு எடுத்து, முன் அறையில் பெஞ்சு போட்டு, வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். டாக்டர் பாரதி, நர்ஸ் அமலா, இரண்டே பேர். டாக்டரம்மாவுக்குத் தொண்டூர்தான் சொந்த ஊர். காலையில் ஸ்கூட்டியில் வந்தால் பொழுது சாய்ந்துதான் கிளம்புவார். நல்ல டாக்டர். ஆனால் எங்கள் நகரில் அவரிடம் யாரும் போக மாட்டார்கள். காரணம், அவர் ஊசி போட மாட்டார்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஜனத்துக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம். ஜுரம் என்று போனால் டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்வார், மூச்சை இழுத்துவிடச் சொல்வார், நேற்று என்ன தின்றாய், முந்தாநாள் எங்கே போனாய் என்று கேள்வியாகக் கேட்பார். கடைசியில் கஞ்சி குடி, தண்ணீர் நிறையக் குடி, இந்த மாத்திரை போதும் என்று அனுப்பிவிடுவார். வெளியே வந்தவர்கள் ஏமாந்த முகத்தோடு நேராக என் கடைக்கு வந்து, ஊசி போடாதவங்க இன்னா டாக்டரு என்று என்னிடம் நியாயம் கேட்பார்கள். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து பஜாருக்குப் போய், அங்கே கேட்பவர்களுக்கெல்லாம் குத்தி அனுப்பும் இடத்தில் ஒன்றைக் குத்திக்கொண்டு, இடுப்பைத் தேய்த்தபடி திருப்தியாகத் திரும்பி வருவார்கள். இப்படியே ஆஸ்பத்திரி காலியாகக் கிடந்தது. அமலா வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள். நான் கிரைண்டரைப் போட்டுவிட்டு அவளைப் பார்ப்பேன்.

தவறாமல் வந்தது ராஜாம்பாள் அக்கா ஒருத்திதான். கடைசித் தெருவில் வீடு. அவள் புருஷன் வீரமணி அண்ணன் டி.வி.எஸ். ஃபிப்டியில் அவளைப் பின்னால் ஒருக்களித்து உட்கார வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் கூட்டி வருவார். அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. வலது காலில் சின்னதாகக் கல் குத்தியது ஆறாமல் புண்ணாகி, புண் உள்ளே இறங்கிவிட்டது. வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது பாதத்தை எடுத்துவிடலாம் என்று சொல்லி, தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் போகிற போக்கில் டாக்டரம்மாவிடம் காட்டினாள். அவர் தரையில் மணை போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்து வெகுநேரம் பார்த்தார். கட்டு மட்டும் தவறாமல் மாற்றினால் இந்தப் பாதத்தை விட வேண்டியதில்லை என்றார். அன்றிலிருந்து அவரே துடைத்து அவரே கட்டினார். புண் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடி வந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது என் கடைப் பக்கம் கையை ஆட்டி, நல்லாயிருக்குதுடி என்பாள்.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அமலாதான் என்னிடம் சொன்னாள். இங்கே ஆள் வருவதில்லையாம். திண்டிவனம் சாலைப் பக்கம் வேறு ஒரு இடத்தில் கேட்கிறார்களாம், அங்கே மாற்றிவிடுவார்களாம். நான் மாவு வாங்க வந்தவர்களிடம் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் நகர் முழுக்கத் தீயாய்ப் பரவிவிட்டது.

அதுவரை அந்தப் படியை மிதிக்காதவர்களுக்கெல்லாம் அன்றைக்கு ரோஷம் வந்ததைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வீடு வந்திருக்கிறது, இன்னும் வரப் போகிறது, இருக்கிற ஆஸ்பத்திரியை எடுப்பானா என்று ஆளாளுக்குக் கொதித்தார்கள். ராத்திரியில் குழந்தைக்கு இழுப்பு வந்தால் எங்கே போவது என்றார்கள். ராத்திரியில் அந்த ஆஸ்பத்திரி திறந்திருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். அமாவாசை அன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பஸ்ஸிலும் ஏற முடியாதே, நோயாளியை எப்படிக் கொண்டு போவது என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. கேட்டவர்களெல்லாம் சேர்ந்து ஒரு வேன் பிடித்து சுகாதாரத் துறை மேலதிகாரியம்மாவைப் பார்க்கப் போனார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ராஜாம்பாள் அக்காவால் வர முடியாது, அவளுக்காக யாராவது பேச வேண்டுமே.

அந்த அதிகாரியம்மாவும் டாக்டர்தான். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உங்களில் எத்தனை பேர் போன மாசம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டாக்டரைச் சும்மா உட்கார வைத்து நான் என்ன செய்ய, கார்த்திகை பிறந்ததும் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னோடு வேனில் வந்தவர்கள் மேல்தான் வந்தது.

திரும்பி வந்ததும் பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். எங்கள் நலச்சங்கத் தலைவர் தாண்டவராயன், விவசாயிகள் மூட்டை கொண்டுவந்து வியாபாரிகளுக்கு விற்கும் நெல் கமிட்டியில் எடை பார்க்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே நெல் மூட்டைதான். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வரத்து எப்படி என்றுதான் விசாரிப்பார். அவர் எழுந்து தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"கமிட்டியில மூட்டை வரத்து கொறைஞ்சா வியாபாரி வர மாட்டான். வியாபாரி வரலன்னா கமிட்டிய மூடிடுவான். இதுவும் அதே கணக்குதான். அந்தம்மா வந்து பாக்கறதுக்குள்ள நாம வரத்தைக் காட்டணும்."

நோய் இல்லாமல் எப்படிப் போவது என்று ஒருவர் கேட்டார். வயசானவர்களுக்கு வலிக்கவா இடம் இல்லை என்று தாண்டவராயன் பதில் சொன்னார். தெருவுக்கு ஒரு நாள் என்று அங்கேயே வாய்மொழியாகப் பிரித்துவிட்டார். முதல் தெருவுக்கு முழங்கால் வலி, இரண்டாம் தெருவுக்குத் தலைசுற்றல், இப்படிக் கலந்து போக வேண்டும், எல்லோரும் ஒரே நோயைச் சொல்லக் கூடாது, முக்கியமாக யாரும் ஊசி கேட்டுத் தகராறு பண்ணக் கூடாது. எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆஸ்பத்திரி நிற்க வேண்டும், அக்கா கால் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்கு.

மறுநாளிலிருந்து எதிர் வீடு கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. பெஞ்சு போதாமல் அவரவர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பெண்கள் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். டோக்கன் வாங்கிவிட்டு, நேரமாகும் போலிருந்தால் வீட்டுக்குப் போய்க் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். என் மாவு வியாபாரமும் கூடியது, அதை மறைப்பானேன். என் முறை வந்தபோது இடுப்பு வலி என்று போனேன். எந்தப் பக்கம் என்று டாக்டரம்மா கேட்டார். வலது பக்கம் என்றேன். பேச்சு கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டபோது இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, வந்ததுதான் வந்தீங்க, கையைக் கொடுங்க என்று பிரஷர் பார்த்தார், சர்க்கரைக்கு விரலில் குத்தினார். எல்லோரையும் அப்படித்தான் பார்த்தார். தாண்டவராயனுக்குப் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. வரத்துக்காக வந்தவனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்று அவர் என் கடை வாசலில் நின்று புலம்பினார். வேளாவேளைக்கு முழுங்குங்க தலைவரே, நீங்க போயிட்டா வரத்துல ஒண்ணு கொறையும் என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

இந்தக் கூத்தில் எனக்கு ஒன்று உறைக்காமல் போனது. ஒரு சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. வீரமணி அண்ணனின் டி.வி.எஸ். தெரு முனையில் வந்து நின்றது. பின்னால் அக்கா. அண்ணன் காலை ஊன்றி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார். அக்கா அவர் தோளைத் தட்டினாள். வண்டி வட்டம் அடித்துத் திரும்பிப் போய்விட்டது. மழைக்காகத் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு நாள் நல்ல வெயில், அன்றைக்கும் அதே முனை, அதே மாதிரி தோளில் ஒரு தட்டு, வண்டி திரும்பியது. அமலாவைக் கேட்டேன். டாக்டரம்மா போன் போடச் சொன்னார், பேசினேன், பனமலையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்களாம், அங்கேயே கட்டு மாற்றிக்கொள்கிறார்களாம் என்றாள். பனமலைக்குப் போனவள் தெரு முனைக்கு எப்படி வந்தாள்?

மாவை ஒரு பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு நுழைந்தபோது ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. ஒன்றல்ல, கொத்தாகக் கொளுத்தி மூலைக்கு மூலை வைத்திருந்தார்கள். அதையும் மீறி அந்த வாடை அடித்தது. கட்டிலில் அக்கா காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். கட்டு அழுக்கேறிக் கிடந்தது. சுண்டுவிரல் வெளியே தெரிந்தது, அதன் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் போகவில்லை என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தெருவுக்குக் கேட்கும். கூட்டமாக இருந்தால் என்ன, நேரே உள்ளே போக வேண்டியதுதானே, யார் உன்னைத் தடுப்பார்கள் என்று கேட்டேன். வீரமணி அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா என்னை அமர்த்தி, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"நான் அங்க போறதே ஆளில்லன்னுதான்டி போறது. காலி பெஞ்சில குந்திக்கினு காலை நீட்டிக்குவேன். அமலா சீரியல் கதை சொல்லும். இப்ப எல்லாரும் வரிசையா ஒக்காந்துக்கினு இருக்காங்க. நான் உள்ள போனா ஒண்ணு நான் ஏந்திரிக்கணும், இல்ல அவங்க ஏந்திரிக்கணும். அவங்க ஏந்திரிச்சிப் போயிட்டா ஆஸ்பத்திரி போயிடும்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன வைகாசியில் முதல் தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாதி தின்ற இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அக்கா குனிந்த தலை நிமிராமல் மோர் சாதம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. அந்த எதிர் வீட்டுக் காலி பெஞ்சு ஒன்றுதான் அவள் போய் வந்த இடம். அதையும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து போய் நிரப்பிவிட்டோம்.

டாக்டரம்மாவிடம் சொல்கிறேன், அவர் வீட்டுக்கு வந்து கட்டுவார் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாதே, சொன்னால் அந்த டாக்டர் பெண் இவர்களையெல்லாம் விரட்டிவிடும், அதிகாரி வருகிற நேரத்தில் ஆஸ்பத்திரி காலியாகிவிடும் என்றாள். கார்த்திகை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான், அவர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், கூட்டம் தானாகக் கலைந்துவிடும், அப்போது நான் வருகிறேன் என்றாள். ஆஸ்பத்திரி போய்விட்டால் என் காலும் போச்சு, நாலு நாள் பொறுத்தால் இரண்டும் நிற்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். கால் பொறுக்குமா என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் மறுநாளும் எனக்கு வேலையே ஓடவில்லை. உளுந்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டு, ஒரு தொட்டி மாவைக் கொட்டினேன்.

அதிகாரியம்மா சொன்னபடி வந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. தாண்டவராயன் வெள்ளை வேட்டி கட்டி, வாசலிலேயே நின்று வரவேற்றார். வரத்து எப்படி என்று கேட்க மாட்டாரா என்று அவர் முகம் காத்திருந்தது. நானும் டோக்கன் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அதிகாரியம்மா உள்ளே போய் மருந்து அலமாரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சந்தோஷமாகத்தான் தெரிந்தார். டாக்டரம்மாவிடம், இவ்வளவு பேர் வருகிறார்களே, இதில் இந்த ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் ரொம்பக் கஷ்டப்படுவது யார் என்று கேட்டார். டாக்டரம்மா எழுந்து நின்றார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னைக்கு வந்தவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க மேடம். வர வேண்டியவங்க ஒருத்தர்தான் வரல."

தாண்டவராயன் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் மேலே சொன்னார். ஒரு அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண், ஆறி வருகிற நேரத்தில் வராமல் நின்றுவிட்டார், பனமலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள், அங்கே யார் கட்டு மாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை, அதுதான் எனக்குக் கவலை என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரி நின்றாலும் நிற்கும். வாயைத் திறந்தால் நாங்கள் ஆடிய நாடகம் வெளியே வரும், அக்கா எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாளோ அதுவும் போகும். ஆனால் அந்தச் சுண்டுவிரல் கண் முன்னால் வந்து நின்றது. எழுந்துவிட்டேன்.

"பனமலைக்குப் போகல டாக்டரம்மா. ஊட்லதான் கெடக்குது. நாங்க வந்து குந்திக்கினோம், அது வரல."

அதிகாரியம்மாவுக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நெல் கமிட்டி வரத்தைச் சொன்னேன், தெருவுக்கு ஒரு நாள் பிரித்ததைச் சொன்னேன், பந்தியில் நடந்ததையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா கட்டுத்துணியும் மருந்தும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். அமலா பின்னாலேயே ஓடினாள். அதிகாரியம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரும் நடந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து நாங்களும் நடந்தோம்.

அக்கா வீட்டு வாசலிலேயே கூட்டம் நின்றுவிட்டது. நான் உள்ளே போனேன். டாக்டரம்மா வழக்கம் போலத் தரையில் உட்கார்ந்து காலைத் தன் முழங்காலில் வைத்துக் கட்டைப் பிரித்தார். வாடை வாசல் வரைக்கும் போயிருக்கும். அதிகாரியம்மா மூக்கைச் சுளிக்கவில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு பக்கத்திலேயே குந்தி, புண்ணைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார். ஆறிய இடத்தையும் கெட்டுப்போன இடத்தையும் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் இதை ஆற வைத்தது யார் என்று கேட்டார். டாக்டரம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டு வாரத்தை விட்டுவிட்டேனே, போனில் சொன்னதை நம்பிவிட்டேனே என்று மட்டும் சொன்னார்.

ராஜாம்பாள் அக்கா கையைக் கூப்பினாள். தன் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. ஆஸ்பத்திரி நிக்கணும்னுதான் வந்தாங்க. எடுத்துடாதீங்க."

வாசலில் நின்ற தாண்டவராயனுக்கு அது கேட்டது. துண்டை மூக்குக்குக் கொண்டுபோயிருந்தவர் அதைக் கீழே இறக்கினார். தலை குனிந்து நின்றார். அந்த மனிதரை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன், அன்றைக்கு என்னால் முடியவில்லை.

அதிகாரியம்மாவின் ஜீப்பிலேயே அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பாதம் தப்பியது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதத்தோடு நின்றிருக்காது என்று சொன்னார்களாம். அதிகாரியம்மா கிளம்பும் முன் எங்களைப் பார்த்து, நோய் இருந்தால் வாருங்கள், இல்லாதவர்கள் வீட்டில் இருங்கள், ஆஸ்பத்திரி இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றார். இப்போதைக்கு என்றால் எதுவரை என்று தாண்டவராயன் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கும் நிலையில் இல்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி முன் போலக் காலியாகிவிடவில்லை. நாடகத்துக்கு வந்து விரலில் குத்திக்கொண்டவர்களில் பலருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பது தெரிந்துபோயிருந்தது. அவர்கள் மாத்திரைக்கு நிஜமாகவே வந்தார்கள். இன்னும் ஊசி போடுவதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் மதியம் சாத்திய ஆஸ்பத்திரியைச் சாயங்காலம் மறுபடி திறக்கும் நேரத்தில் மட்டும் ஒருவரும் உள்ளே போக மாட்டார்கள். யாரும் கூட்டம் போட்டுப் பேசி வைக்கவில்லை. தாண்டவராயன் என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வெளித்தெருக்காரர்கள் தெரியாமல் படியேறப் போனால், டி.வி.எஸ். வந்துட்டுப் போவட்டும் என்று கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். வீரமணி அண்ணன் அக்காவை இறக்கிவிடுவார். அக்கா காலி பெஞ்சில் காலை நீட்டிக்கொள்வாள். அமலா சீரியல் கதை சொல்லுவாள். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் முதல் டோக்கன்.

மாசி மாதம் புண் மூடிவிட்டது. கட்டு இனி வேண்டாம், செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது என்று சொல்லி டாக்டரம்மா அனுப்பிவிட்டார். சில நாள் டி.வி.எஸ். வரவில்லை. தாண்டவராயன் பழக்க தோஷத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவரையும் தடுக்காமல் எழுந்து போனார்.

ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். மாத்திரை வாங்க நானும் போயிருந்தேன். அந்த இடுப்பு வலி நாடகத்தில் எனக்கும் பிரஷர் என்று தெரிந்துபோயிருந்தது. அப்போது ராஜாம்பாள் அக்கா கடைசித் தெருவிலிருந்து நடந்தே வந்தாள். தலையில் பூ. காலில் புதுச் செருப்பு. படியேறி, அமலாவிடம் எல்லோரையும் போல டோக்கன் வாங்கினாள். பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதைப் பார்த்தாள். ஒரு கணம் தயங்கிவிட்டு, போய் நடுவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, தன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டதும் டாக்டரம்மா பதறிப்போய் எழுந்து வந்தார். மறுபடி புண்ணா, எங்கே, காட்டுங்கள் என்று குனிந்தார். அக்கா அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. கூட்டத்துல கொஞ்ச நேரம் குந்திட்டுப் போலாம்னு வந்தேன்."

உட்காருங்க என்றார் டாக்டரம்மா. அக்கா திரும்பி வந்தாள். அவள் எழுந்த இடத்தில் அந்த இரண்டு பெண்களும் நெருங்கி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.